நடுவில் நான்கு முட்டு

நூம்பல்,
22 டிசம்பர் 2025
(பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்)

திரு. ஜஸ்டின் அவர்களுக்கு,

என் நம்பரை நீங்கள் பிளாக் செய்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன். நூம்பலிலிருந்து பட்டாபிராமுக்கு பைக்கில் முக்கால் மணி நேரம்தான். நேரில் வந்தால் சண்டையாகும். அதோடு, எனக்கு எல்லாம் எழுத்தில் வேண்டும்.

எங்கள் அடுக்ககத்தின் நுழைவுப் பாதைக்கு மேலே அசோசியேஷன் ஹால் இருக்கிறது. சைட் இன்ஜினியராக நின்று அதைக் கட்டியது நீங்கள். லாரி உள்ளே வர வழி வேண்டும் என்று அந்த ஒரு பகுதியை மட்டும் கடைசிவரை விட்டுவைத்து, 2021 ஜனவரி 18 அன்று பீமும் ஸ்லாபும் போட்டீர்கள். பீமின் நீளம் 6.2 மீட்டர். இன்று அது நடுவில் 38 மில்லிமீட்டர் தொய்ந்திருக்கிறது. 25க்கு மேல் போகக் கூடாது. நானே நூல் கட்டி மூன்று தடவை அளந்தேன். அடிப்பக்கம் விரிசல். விரிசலுக்குள் துரு.

ரெரா சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறையைச் சொன்னால் பில்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். எங்களுக்கு ஒப்படைத்தது 2021 பிப்ரவரி 5. இன்னும் நாற்பத்தைந்து நாள். அக்டோபரில் அனுப்பிய நோட்டீஸில் எங்கள் தலைவர் ‘நீர்க்கசிவு, பூச்சு விரிசல்’ என்று மட்டும் எழுதிவிட்டார். பில்டர் நிர்மல் இரண்டு ஆளையும் விரிசலில் பூச ஒரு வாளி புட்டியையும் அனுப்பினார். பீமைப் பற்றி வாயால் கேட்டதற்கு, ஹாலில் நாங்கள் பீரோவும் தண்ணீர்த் தொட்டியும் வைத்ததால் தொய்ந்தது என்கிறார். காரணத்தோடு புது நோட்டீஸ் கொடுத்தால்தான் பேச்சு. பிப்ரவரி 5 தாண்டினால் கதவு மூடிவிடும்.

என் சந்தேகம் முட்டு மேல். கான்கிரீட் இறுகும்வரை, அந்த நீளத்துக்கு பீமைத் தாங்கி அடியில் இருபத்தொரு நாள் முட்டு நின்றிருக்க வேண்டும். நின்றதா? உங்கள் சைட் டைரியில் இருக்கும். ஜனவரி 18 முதல் பிப்ரவரி 10 வரையிலான பக்கங்கள் பத்து நாளில் என் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் புகாரில் உங்கள் பெயரும் சேரும்.

கோகுல்நாத்
எஸ்-2, தொழில்நுட்பக் கமிட்டி


பட்டாபிராம்,
29 டிசம்பர் 2025

கோகுல்,

மச்சான் என்று எழுதிவிட்டு அடித்தேன். அடித்த இடத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்காதே.

24ஆம் தேதி மத்தியானம் ஆக்னஸ் கேக் மாவு கலக்கிக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்தார். மாவுக் கையோடு கையெழுத்துப் போட்டாள். ஒப்புகை அட்டையைப் பார்த்ததும் அவளுக்கு முகமே மாறிவிட்டது. “இன்னாங்க இது, கிறிஸ்மஸ் அதுவுமா கோர்ட்லேர்ந்து வருது?” என்றாள். பிறகு அனுப்புநர் பெயரைப் படித்தாள். “கோர்ட்டே தேவல” என்று உள்ளே போய்விட்டாள்.

நான்கு வருஷம் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தோம். என் ‘இன்ஜினியரிங் டிராயிங்’ ஷீட்டெல்லாம் நீதான் போட்டாய். அந்த வீட்டை நீ வாங்கியதே நான் அந்த சைட்டில் இருக்கிறேன் என்பதற்காக. இன்றைக்கு ‘திரு. ஜஸ்டின் அவர்களுக்கு’. நல்லது.

ஆகஸ்டில் நீ உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் என் போட்டோவைப் போட்டு ‘நம்மை ஏமாற்றிய சைட் இன்ஜினியர் இவர்தான்’ என்று எழுதினாய். அது உன் கிரகப்பிரவேசத்துப் பந்தியில் நாம் இரண்டு பேரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து எடுத்த போட்டோ. அதில் உன்னை வெட்டிவிட்டு என்னை மட்டும் வைத்திருந்தாய். நாலு குரூப் தாண்டி, நான் இப்போது வேலை பார்க்கும் நெமிலிச்சேரி கம்பெனி முதலாளியின் போனுக்கே அது வந்துவிட்டது. சைட்டில் எல்லார் முன்னாலும் போனைத் தூக்கிக் காட்டி, “இது நீயாப்பா?” என்று கேட்டார். உன் நம்பரை பிளாக் செய்தது அன்றைக்குத்தான்.

டைரி என்னிடம் இருக்கிறது. ஆனால் உனக்கு அந்தப் பக்கம் வேண்டாம். சொன்னால் கேள்.

வெட்டாத போட்டோ உன்னிடம் இருந்தால் ஒரு தடவை எடுத்துப் பார். நமக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பார்.

ஜஸ்டின்


நூம்பல்,
3 ஜனவரி 2026

ஜஸ்டின்,

‘உனக்கு அந்தப் பக்கம் வேண்டாம்’ என்றால் என்ன அர்த்தம்? எனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்க நீ யார்?

போட்டோ போட்டதற்குக் காரணம் இருந்தது. அன்று காலை பீமின் அடியிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கான்கிரீட் சில்லு பெயர்ந்து என் பைக் சீட்டில் விழுந்தது. ஐந்து நிமிஷம் முன்னால்தான் சுவேதா அங்கே நின்று ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினாள். உன் மனைவி அங்கே நின்றிருந்தால் நீ என்ன போட்டிருப்பாய் என்று யோசித்துப் பார்.

டிசம்பர் 15 அன்று விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினேன். விரிசல் விரிந்தால் கண்ணாடி உடையும். நேற்று உடைந்துவிட்டது. பதினெட்டே நாள்.

உடனே ஹாலைப் பூட்டினேன். சனி, ஞாயிறில் அங்கே சபீனா டீச்சர் பதினான்கு பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லித்தருகிறார். தலைவர் சிவராமன் சார் சட்டை பட்டன்கூடப் போடாமல் கீழே இறங்கி வந்தார். ஆவடித் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவர்.

“யாரைக் கேட்டுப் பூட்டுனீங்க கோகுல்? கமிட்டித் தீர்மானம் இருக்கா?”

“பீம் விழறதுக்குத் தீர்மானம் போட்டுட்டா விழும் சார்?”

“வார்த்தைய அளந்து பேசுங்க. விரிசல் இல்லாத வீடு மெட்ராஸ்ல எங்கங்க இருக்கு?”

ஃபேக்டரியில் ஒரு போல்ட்டில் இந்த விரிசல் இருந்தால் பாஸ் பண்ணியிருப்பீர்களா என்று கேட்டேன். சட்டை பட்டனைப் போட ஆரம்பித்தார். அவர் பயம் வேறு. பீமில் விரிசல் என்று வெளியே தெரிந்தால் யாரும் வீடு வாங்க வரமாட்டார்கள். அக்டோபர் நோட்டீஸில் ‘பீம்’ என்ற வார்த்தையே இல்லாமல் போனது அதனால்தான். சரி, இப்போதைக்கு அடியில் முட்டாவது கொடுப்போம் என்றேன். கார் போக வழி இருக்காது என்று அதற்கும் கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை. முப்பத்திரண்டு குடும்பமும் தினமும் அதன் அடியில்தான் போய்வருகிறது. நான் ஆபீஸில் உட்கார்ந்து வேறு எவனோ கட்டப்போகிற ஷெட்டுக்கு பீம் டிசைன் செய்துகொண்டிருக்கிறேன். கை ஓடவில்லை.

முப்பத்து மூன்று நாள் இருக்கிறது. யார் சொல்லி முட்டு எடுத்தாய்? முட்டும் பலகையும் கொண்டுவந்த சென்ட்ரிங் கான்ட்ராக்டர் தங்கராஜ் சொன்னானா? அடுத்த சைட்டுக்கு வேண்டும் என்று பறந்திருப்பான். இல்லை, பில்டர் நிர்மலே சொன்னாரா? கதை வேண்டாம். பெயர் மட்டும் போதும்.

போட்டோ பழைய போனில் இருக்கிறது. அது இப்போது எதற்கு என்று புரியவில்லை.

கோகுல்நாத்


பட்டாபிராம்,
9 ஜனவரி 2026

கோகுல்,

பெயர் மட்டும் போதும் என்கிறாய்.

கோகுல்நாத்.

நீ மறந்துவிட்டாயா, மறந்த மாதிரி இருக்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் கதையையும் எழுதுகிறேன்.

2021 ஜனவரி 28, தைப்பூசம். மறுநாள் உன் கிரகப்பிரவேசம். உன் வீட்டில் வேலை முடிந்திருந்தது, சாவி மட்டும் பூசைக்காகக் கொடுத்திருந்தோம். மத்தியானம் மூன்று மணிக்கு நீ கோயம்பேட்டிலிருந்து போன் செய்தாய். பின்னால் யாரோ வாழை இலைக்கு விலை கத்திக்கொண்டிருந்தான்.

“இலைக்கட்டு வாங்கிட்டேன்டா. நூத்தம்பது பேரு. வாசல்ல காடு மாதிரி முட்டு நிக்குது, எங்கடா பந்தி போடறது?”

“மொட்ட மாடில?” என்றேன். வாட்டர்ப்ரூஃபிங் போட்டு ஈரம் காயவில்லை, நீயே ஞாபகப்படுத்தினாய். தெருவில் ஷாமியானா என்றேன். “மாமனார் வூட்ல வேன் வெச்சு வர்றாங்க. தெருவுல இலை போட்டா என் மானம் போயிடும்” என்றாய்.

“டேய், அது போட்டு பத்து நாள்தான் ஆவுது. இன்னும் பதினோரு நாள் கீதுடா.”

“எனக்கே பாடம் எடுக்காத. நானும் அதையேதான படிச்சேன்? மேல ஹால்ல இன்னும் செவுரே கட்டல. பீம் அது வெயிட்ட மட்டும்தான் தாங்கணும். நடுவுல நாலு முட்டு மட்டும் எடு. ஓரத்துல இருக்கறது இருக்கட்டும். சாயந்திரம் பந்தி முடிஞ்சதும் திருப்பி வெச்சுடு.”

இப்படித்தான் சொன்னாய். வார்த்தை முன்பின் இருக்கலாம், ‘நடுவுல நாலு’ மட்டும் மாறாது.

தங்கராஜின் ஆட்கள் எல்லாரும் வடபழனி போயிருந்தார்கள். நானே சுத்தியல் எடுத்தேன். ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றி, பாதையைக் கூட்டி, தண்ணீர் தெளித்துவிட்டுப் போனேன். மறுநாள் அந்த இடத்தில் உட்கார்ந்து உன்னோடு சாப்பிட்டேன். பால் பாயசம் நன்றாக இருந்தது.

போட்டோவில் நமக்குப் பின்னால் கேட் தெரிகிறது. பதினோராவது நாள் அங்கே உட்கார்ந்தால் கேட் தெரியக் கூடாது, கோகுல். முட்டுதான் தெரிய வேண்டும்.

உன் மேல் போட்டுவிட்டு நான் ஓடவில்லை. சுத்தியல் என் கையில் இருந்தது. நீ பெயர் கேட்டாய், சொன்னேன்.

ஜஸ்டின்


நூம்பல்,
12 ஜனவரி 2026

ஜஸ்டின்,

பழைய போனை சார்ஜ் போட்டுப் பார்த்தேன். கேட் தெரிகிறது. கேட்டில் கட்டிய வாழை மரம்கூடத் தெரிகிறது.

நான் மறக்கவில்லை. அது ஒரு நாள் சமாசாரம் என்று இருந்தேன். எடுத்தாய், சாப்பிட்டோம், திருப்பி வைத்துவிட்டாய், அதற்குப் பிறகு வேறு யாரோ மொத்தத்தையும் சீக்கிரம் எடுத்துவிட்டார்கள் என்றுதான் இத்தனை நாளும் என் கணக்கு. திருப்பி வைக்கச் சொன்னேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். வைத்தாயா? அதைச் சொல்லாமல் கடிதத்தை முடித்துவிட்டாய்.

சைட்டுக்கு வருகிறவன் ஆயிரம் சொல்வான். கையெழுத்துப் போடுகிறவன்தான் பொறுப்பு. வீடு வாங்குகிறவன் பந்தி போடக் கேட்டான், அதனால் எடுத்தேன் என்று எந்த இன்ஜினியராவது சொல்வானா? ‘முடியாது’ என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேனா? கத்தியிருப்பேன். அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறதா? இருந்தால் இப்படிச் செய். தேதியும் ‘நடு முட்டு எடுக்கப்பட்டது’ என்ற வரியும் மட்டும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பு. மற்றது வேண்டாம். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. தேதி உண்மை, முட்டு எடுத்தது உண்மை. என் பெயர் உள்ளே வந்தால், ‘உங்க ஆளே எடுக்கச் சொன்னார்’ என்று நிர்மல் கையைக் கழுவிவிடுவார். நான் ஒருவன் சொன்னதற்காக முப்பத்திரண்டு குடும்பம் மாட்ட வேண்டுமா?

இருபத்து நான்கு நாள். இன்றைக்கே அனுப்பு.

கோகுல்


பட்டாபிராம்,
18 ஜனவரி 2026

கோகுல்,

போட்டோவில் உன்னை வெட்டிவிட்டு என்னை வைத்தாய். இப்போது டைரியிலும் உன்னை வெட்டிவிட்டு என்னை வைக்கச் சொல்கிறாய். கத்தரிக்கோல் நன்றாகக் கைபழகிவிட்டது உனக்கு.

இரண்டு நாள் கோபத்தில் எழுதவில்லை. அப்புறம் பொங்கல் விடுமுறையில் போஸ்ட் ஆபீஸ் இல்லை. இன்றைக்கு ஜனவரி 18. அந்த பீமுக்கு ஐந்து வயது ஆகிறது.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். சைட் டைரி கார்பன் வைத்து எழுதுவது. வெள்ளைத் தாள் என்னிடம். மஞ்சள் தாள் அன்றன்றைக்கே நிர்மல் ஆபீஸுக்குப் போய்விடும். நீ பாதியைக் காட்டினால் அவர் மீதியை எடுத்து நீட்டுவார். அப்போது உன் பீம், உன் கண்ணாடித் துண்டு, உன் 38 மில்லிமீட்டர் எதையும் எவனும் நம்பமாட்டான்.

திருப்பி வைத்தேனா என்று கேட்டாய். வைக்கவில்லை. அன்று சாயந்திரம் உன் மாமனார் வீட்டு வேன் அதே இடத்தில் நின்றது. டிரைவர் சாவியோடு பாயசத் தூக்கத்தில். மறுநாள் காலையில் நான் போவதற்குள் தங்கராஜ் வண்டியோடு வந்துவிட்டார்.

“இன்னா சார், கீய கெடக்குற நாலையும் ஏத்திக்கினு போறேன். நிக்கறதயும் குடுத்துடு. திருவேற்காட்டுல நாளிக்கு ஸ்லாபு கீது.”

“திருப்பி வெக்கணும் தங்கராஜ்.”

“ஒரு நாள் முயுக்க சும்மா நின்ன பீமு, நாளிக்கு உயுந்துடுமா? நூத்தம்பது பேர் அடியில குந்திக்கினு சோறு துன்னுட்டுப் போய்ட்டான். நீ வேற சார்.”

நான் தலையாட்டினேன். நீ போனில் பேசிய அதே கணக்கை அவர் வேறு மாதிரி பேசினார். எனக்கு யாருக்கும் ‘முடியாது’ சொல்ல வராது. அது தெரிந்துதான் நீயும் கேட்டாய்.

பிப்ரவரி 2 அன்று அடியில் தலைமுடி மாதிரி ஒரு கோடு பார்த்தேன். சிமெண்ட் பால் தடவி மூடிவிட்டேன். அதை டைரியில் எழுதவில்லை. நான் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்.

வெள்ளைத் தாள் இரண்டையும் இதோடு வைத்திருக்கிறேன். இப்படி இருக்கிறது: ‘28.1.21. நுழைவு பீம், நடு முட்டு 4 எடுக்கப்பட்டது. எஸ்-2 வீட்டு உரிமையாளர், இன்ஜினியர் கோகுல்நாத் வாய்மொழியாகக் கேட்டதன் பேரில். 30.1.21. மீதி முட்டு அனைத்தும் தங்கராஜ் எடுத்துச் சென்றார். திருப்பி வைக்கப்படவில்லை.’ கீழே என் கையெழுத்து.

இது வெளியே போனால் நெமிலிச்சேரி வேலை நிற்காது என்றாள் ஆக்னஸ். அனுப்பாவிட்டால் சனி, ஞாயிறு வந்தால் அந்தப் பதினான்கு பிள்ளைகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்றேன். கவரை ஒட்டியது அவள்தான்.

முழுசாகக் காட்டு, இல்லை முழுசாகக் கிழித்துப் போடு. பாதி மட்டும் வேண்டாம்.

ஜஸ்டின்


நூம்பல்,
31 ஜனவரி 2026

ஜஸ்டின்,

உன் கவர் மூன்று நாள் என் பைக் டேங்க் பையில் கிடந்தது. வீட்டுக்குள் எடுத்துப்போகவில்லை. அம்பத்தூர் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அது பெட்ரோல் டேங்க் மேல் இருப்பது தெரிந்தது. கிழிக்கவும் நினைத்தேன். உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

நான்காம் நாள் சுவேதாவிடம் கொடுத்தேன். படித்தாள். “அந்த வேன் எங்க அப்பா வேன்தானே?” என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு முழுதும் வேறு பேச்சில்லை.

வக்கீலிடம் முழுத் தாளையும் காட்டினேன். “பில்டர்கிட்ட இருக்கற பேப்பர நீங்க மறைச்சா கேஸ் அன்னிக்கே போச்சு. ஒப்படைக்கிற வரைக்கும் சைட் அவர் பொறுப்பு. வாங்கறவர் ஆயிரம் கேப்பார். எடுக்கறதும் எடுக்காததும் அவர் ஆள் கையில. கொஞ்சம் அடி வாங்குவோம், ஆனா நிப்போம்” என்றார். அவர் சொன்னது சட்டம். சுவேதா கேட்டது சட்டம் இல்லை.

26ஆம் தேதி கொடியேற்றி, லட்டு கொடுத்து, அப்படியே பொதுக்குழு. எல்லாரும் நாற்காலியை பீமுக்கு அடியில்தான் போட்டிருந்தார்கள், நிழல் என்று. முதலில் வெயிலுக்கு நகரச் சொன்னேன். முனகிக்கொண்டே நகர்ந்தார்கள். பிறகு இரண்டு தாளையும் படித்தேன். என் பெயர் வரும் இடத்தில் வேகமாகப் போய்விட்டேன். சபீனா டீச்சர், “அந்த வரியை இன்னொரு தடவை படிங்க சார்” என்றார். படித்தேன்.

சிவராமன் சார் லட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். “இத்தனை மாசமா எங்க எல்லாரையும் திட்டுனீங்களே கோகுல். அப்போ பந்தி போட்டது நீங்களா?”

பின்னால் ஒரு குரல்: “நானும் அந்தப் பந்தியில சாப்ட்டேன். வத்தக்குழம்பு பிரமாதம்.” யாரோ சிரித்தார்கள். “சிரிக்கற விஷயமாங்க இது? என் பொண்ணு வாரா வாரம் அது மேல உக்காந்துதான படம் வரைஞ்சுது!” என்று ஒரு அம்மா எழுந்தார். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று வரிசையாக எழுத முடியாது. எல்லாம் சரியாகத்தான் சொன்னார்கள்.

என்னைத் தொழில்நுட்பக் கமிட்டியிலிருந்து நீக்கித் தீர்மானம். நானும் கை தூக்கினேன். அடுத்த தீர்மானம், புது நோட்டீஸை கோகுல்நாத்தே எழுத வேண்டும். வேறு யாருக்கும் பீம் பற்றி எழுதத் தெரியாது. அதற்கும் கை தூக்கினேன்.

அன்று சாயந்திரம் யாரையும் கேட்காமல் தங்கராஜுக்குப் போன் போட்டு முட்டு வரவழைத்தேன். வண்டியிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தார். “இன்னா சார், அதே பீமா?” என்றார். நான் ஒரு பக்கம் பிடித்தேன். மொத்தம் பதினொன்று. கார்கள் இப்போது தெருவில் நிற்கின்றன. தினமும் காலையில் திட்டு விழுகிறது.

நோட்டீஸ் நேற்று நிர்மல் ஆபீஸில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். ஏழாவது பத்தி என்னைப் பற்றியது. ஆறு தடவை எழுதி அடித்தது அந்த ஒரு பத்தியைத்தான்.

வெட்டாத போட்டோவை குரூப்பில் போட்டு, ‘ஆகஸ்டில் நான் போட்டது பாதி. இதுதான் முழுசு. ஜஸ்டினிடம் மன்னிப்புக் கேட்கிறேன்’ என்று எழுதினேன். உன் முதலாளி போன் வரைக்கும் இது போகாது என்று தெரியும். மன்னிப்பு எதையும் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. உனக்கு இதோடு ஒரு பிரிண்ட் வைத்திருக்கிறேன்.

கோகுல்


பட்டாபிராம்,
10 பிப்ரவரி 2026

கோகுல்,

நிர்மல் சார் போன் செய்தார். “என்னப்பா ஜஸ்டின், எல்லாத்தையும் எழுதி வெப்பியா நீ?”

“நீங்கதான சார் டைரி எழுதச் சொன்னீங்க.”

“சரி, அந்த பீமுக்கு எத்தனை கம்பி போட்ட? அதையாவது சரியா சொல்லு” என்றார். சொன்னேன். சரிசெய்யப் போகிறார் என்று தோன்றுகிறது. ஆனால் எழுத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்.

நெமிலிச்சேரியில் வேலை போகவில்லை. திருவேற்காடு ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். டைல்ஸ் பெட்டி எண்ணுகிறேன். “எழுதறதுல கெட்டிக்காரன்னு சொன்னாங்க, இங்க எழுது” என்றார் முதலாளி. சைட் கிடையாது. எத்தனை நாளைக்கு என்று தெரியாது. உன் மன்னிப்பால் இதில் ஒன்றும் ஆகாது, நானும் அதற்காகத் தாளை அனுப்பவில்லை.

பிரிண்டை ஆக்னஸ் பார்த்தாள். “அப்போ ரெண்டு பேரும் ஒல்லியா கீறீங்க” என்றாள். பீரோவில் வைத்திருக்கிறாள். கிழிக்கவில்லை.

பதினொரு முட்டு என்று எழுதியிருந்தாய். நடுவில் எத்தனை?

ஜஸ்டின்


நூம்பல்,
9 மார்ச் 2026

மச்சான்,

நடுவில் ஐந்து.

நிர்மல் ‘குறையை ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ண அடிப்படையில்’ என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டு ஆள் அனுப்பினார். பழைய கான்கிரீட்டைக் கொத்தி, துருவைத் தேய்த்து, கூடுதல் கம்பி கட்டி, பிப்ரவரி 28 அன்று மூன்று பக்கமும் புதுசாகப் போட்டார்கள். நான் கமிட்டியில் இல்லை. ஆனாலும் கூடவே நின்றேன். ‘உனக்கென்ன உரிமை’ என்று யாரும் கேட்கவில்லை; கேட்டிருந்தாலும் நின்றிருப்பேன். அன்றையிலிருந்து, புது கான்கிரீட் காய்ந்துவிடாமல் சுற்றிய சாக்கை தினமும் இரண்டு வேளை நனைக்கிறேன். நாளை எண்ணிக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை சிவராமன் சார் கதவைத் தட்டினார். மீட்டிங்குக்குப் பிறகு என்னோடு அவர் பேசியதே இல்லை. உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

“ஞாயித்துக்கெழம பொண்ணுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்ல அம்பது பேர் வர்றாங்க. ஹால் பூட்டியிருக்கு. கீழதான் பந்தி.” கீழே கையைக் காட்டினார். “நடுவுல இருக்கறத மட்டும் ஒரு நாளைக்கு எடுக்க முடியுமா கோகுல்? சாயந்திரம் திருப்பி வெச்சுடலாம்.”

சொல்லி முடித்ததும் அவருக்கே கேட்டுவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் திட்டுவேன் என்று நின்றார். எனக்குத் திட்ட வரவில்லை, மச்சான். அதே குரல். கோயம்பேட்டில் நின்று நான் பேசிய அதே குரல்.

“முடியாது சார்” என்றேன். “முட்டுக்கு நடுவுலயே இலை போடலாம். நான் வந்து போடறேன்.”

நேற்று போட்டேன். ஒரு முட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு இலை, அந்தப் பக்கம் ஒரு இலை. பரிமாறுகிறவர்கள் வளைந்து வளைந்து போனார்கள். சாம்பார் வாளி ஒரு முட்டில் இடித்துக் கொட்டியது. சம்பந்தியம்மாவின் புடவையில் தெறித்தது. “இன்னா வீடுப்பா இது, காட்டுக்குள்ள சாப்டற மாதிரி கீது” என்று அவர்கள் பக்கத்தில் ஒருவர் சொன்னார். சிவராமன் சார் முகம் செத்துவிட்டது. ஆனாலும் ஒரு முட்டையும் யாரையும் தொடவிடவில்லை. சாப்பாடு முடியும்வரை அந்தக் கொட்டிய இடத்தில் அவரே நின்றார்.

சுவேதா இப்போது பேசுகிறாள். சபீனா டீச்சர் இன்னும் பேசவில்லை. பிள்ளைகளை மொட்டை மாடியில் உட்காரவைத்து வரையச் சொல்கிறார்.

இன்னொரு விஷயம். 21ஆம் தேதி சனிக்கிழமையோடு இருபத்தொரு நாள். 22 ஞாயிறு காலையில் முட்டு எடுக்கலாம். நிர்மல் ஆள் ஒரு பையன். ‘இன்னிக்கே எடுத்துடலாமா சார்’ என்று தினமும் கேட்கிறான். ஒரு புது டைரி வாங்கி வைத்திருக்கிறேன், கார்பன் தாளோடு. எடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்து, அதில் கையெழுத்துப் போட ஒரு இன்ஜினியர் வேண்டும். நான் போடக் கூடாது. எனக்கு வேறு யாரையும் தெரியாது.

ஆக்னஸையும் கூட்டிக்கொண்டு வா. சுவேதா சமைப்பாள். மேலே, வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிடலாம்.

கோகுல்


பட்டாபிராம்,
14 மார்ச் 2026
(அஞ்சலட்டை)

மச்சான்,

ஞாயிறு வரமாட்டேன். சர்ச்சில் பூசை இருக்கிறது. அந்தப் பையனிடம் சொல்லிவை, யாரும் எதையும் தொடக் கூடாது.

திங்கள் லீவு போட்டிருக்கிறேன். காலை ஏழு மணிக்கு இரண்டு பேரும் வருகிறோம். இன்னொரு நாள் நிற்கட்டும்.

ஜஸ்டின்